பாடகனுக்கு ஓர் அடி பின்னால்

அவன் பாடியதைக் கேட்ட முதல் நிமிடத்திலேயே எனக்குப் பொறாமை வந்துவிட்டது. அப்போது அவன் முகத்தைக்கூட நான் பார்த்திருக்கவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. ரொறொன்ரோவின் வடக்கே, பாதர்ஸ்ட் வீதியில் ஒரு மாடிக் குடியிருப்பில் தனியாக இருந்தேன். கட்டடத்தின் அடித்தளத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு துணி துவைக்கும் அறை. ஒரு சனிக்கிழமை காலை அழுக்குத் துணிகளோடு இறங்கிப் போனபோது, மூடிய கதவுக்கு உள்ளேயிருந்து பாட்டு வந்தது. துவைக்கும் இயந்திரங்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தோடு மல்லுக்கட்டாமல், அதன் முதுகில் ஏறிச் சவாரி செய்வதுபோல் குரல் போய்க்கொண்டிருந்தது. மொழி புரியவில்லை. கரகரப்பான குரல். மேலே ஏறும்போது இதோ உடையப்போகிறது என்று பயம் காட்டும், உடையாது.

நான் கொழும்பில் கடற்கரை ஹோட்டல் ஒன்றின் இசைக்குழுவில் பேஸ் கிற்றார் வாசித்தவன். பகலில் எலெக்ட்ரோனிக்ஸ் படிப்பு, மாலையில் வெள்ளைக்காரப் பயணிகளுக்கு ஆட்டப் பாட்டு. சில பாட்டுகளை நானே பாடுவேன். எனக்குச் சுருதி பிசகாது. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. கனடாவுக்கு வந்து, தொலைக்காட்சிப் பெட்டி திருத்தும் ஒரு கடையில் வேலை கிடைத்த பிறகும், என்னை நான் பாட்டுக்காரன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதவுக்கு வெளியே நின்ற சிறிது நேரத்தில் அந்த நினைப்பு ஆட்டம் கண்டுவிட்டது.

கதவைத் திறந்தேன். ஒல்லியான, வளர்த்தியான ஒருவன் ஈரப் படுக்கை விரிப்பைக் கையில் பிடித்தபடி சுவரைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் நிறுத்தினான்.

"மன்னிக்க வேண்டும்" என்றான். "இங்கே எதிரொலி நல்லது. வீட்டில் எதிரொலி இல்லை. வீட்டில் மாமியார்."

எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஆங்கிலம்தான். அவனுடைய ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் குறைவு. இருந்தாலும் துணி உலர்வதற்குள் அவன் கதை எனக்குத் தெரிந்துவிட்டது. லெனின்கிராட்டில் இருந்து வந்தவன். யூதர்களுக்கு வெளியேற அனுமதி கிடைத்தபோது மனைவியோடும் மாமியாரோடும் புறப்பட்டு, வியன்னா, ரோம் என்று மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் ரொறொன்ரோவில் இறங்கியவன். ஊரில் அவனுக்கு ஒரு றொக் இசைக்குழு இருந்தது. அரசாங்கத்தின் அனுமதியில்லாத குழு. மாணவர் விடுதிகளின் சாப்பாட்டு அறைகளில் வாசிப்பார்களாம். பாதிப் பாட்டில் யாராவது அதிகாரி வந்து மின்சாரத்தை நிறுத்துவானாம். மின்சாரக் கிற்றார் செய்ய வேண்டிய காந்தத்துக்காக, தெருவோரத் தொலைபேசிகளில் காதில் வைக்கும் பகுதியை அறுத்துக்கொண்டு போவார்களாம்.

"எங்கள் பகுதியில் ஒரு வருடம் யாருக்கும் தொலைபேசி வேலை இல்லை" என்று சிரித்தான். "நல்ல இசை இருந்தது."

நான் கொழும்பு ஹோட்டலைப் பற்றிச் சொன்னேன். பேஸ் கிற்றார் என்றதும் கையிலிருந்த விரிப்பைக் கூடையில் எறிந்துவிட்டு என் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டான்.

"கிழவா! நாங்கள் பேஸ் தேடுகிறோம்!"

எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கோபம் வந்தது. அவர்கள் ஊரில் சினேகிதனை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவன் இங்கே வந்து மறுபடியும் ஒரு குழுவைக் கட்டத் தொடங்கியிருந்தான். ட்ரம்ஸ் அடிக்க ஒரு பருத்த மனிதன். பகலில் பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை. ஓர்கன் வாசிக்க ஒரு பெண். மொஸ்கோவில் முறையாகப் பியானோ படித்தவள், இங்கே பேக்கரியில் பாண் அடுக்கினாள். இருவரும் ரஷ்யர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கம்பளக் கடையின் பின்னறையில் ஒத்திகை. சுருட்டி நிறுத்திய கம்பளங்கள் சத்தம் முழுவதையும் விழுங்கிவிடும். அந்த அறையில் எல்லோருடைய வாசிப்பும் மொட்டையாகத்தான் கேட்கும், அவன் குரலைத் தவிர.

பாட்டுகளெல்லாம் அவன் எழுதியவை. ஒவ்வொன்றையும் தொடங்குமுன் எனக்காக ஆங்கிலத்தில் சொல்லுவான். ஒரு பாட்டு, அவன் நகரத்துப் பாலங்களைப் பற்றியது. கப்பல்கள் போவதற்காக இரவில் அந்தப் பாலங்களைத் தூக்கிவிடுவார்களாம். ஒருவன் காதலியோடு பேசிக்கொண்டிருந்து நேரத்தை மறந்துவிடுகிறான். வீடு அக்கரையில் இருக்கிறது. பாலம் எழும்பிவிட்டது. கரையில் நின்று தன் வீட்டு யன்னல் வெளிச்சத்தைப் பார்க்கிறான். அவ்வளவுதான் பாட்டு. முதலில் அதை மெதுவாக, தேவாலயப் பாட்டுப்போல வாசித்தார்கள். நான் கொழும்பில் பழகிய பைலாத் தாளத்தை, அந்த ஆறு எண்ணிக்கை ஆட்டத்தை, மெல்ல அதன் அடியில் வைத்துப் பார்த்தேன். ட்ரம்ஸ்காரன் நிமிர்ந்தான். பாடிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"இது என்ன?"

"கடற்கரையில் குடித்துவிட்டு ஆடுகிற தாளம்."

"சரி. அவன் கரையில் நிற்கிறான், குடித்திருக்கிறான், ஆடவும் வேண்டும். வேறு என்ன செய்வான்?" என்றான். அன்றிலிருந்து அது அப்படியே நிலைத்துவிட்டது. பிறகு எங்கே போனாலும் ஆட்கள் கேட்டது அந்தப் பாட்டைத்தான். அதன் தாளம் என்னுடையது. அதை நான் ஒருநாளும் மறந்ததில்லை. வேறு யாரும் அதை நினைத்ததுமில்லை.

முதல் நிகழ்ச்சி ஒரு சமூக மண்டபத்தில். குளிர்காலத்து ஞாயிறு பின்னேரம். புதிதாக வந்த ரஷ்யக் குடும்பங்கள் தடித்த மேலங்கிகளைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்கள், பிடிக்காவிட்டால் எழுந்து போக வசதியாக. மூன்றாவது பாட்டில் மேலங்கிகள் கழன்றன. பாலத்துப் பாட்டு வந்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு கிழவி கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டாள். பின்னால் ஆண்கள் திரும்பத் திரும்ப வந்த அடியைப் பிடித்து மெல்ல முணுமுணுக்கத் தொடங்கி, கடைசியில் மண்டபமே பாடியது. நான் அவனுக்கு ஓர் அடி பின்னால் நின்று நாலு தந்திகளைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு எனக்கு வந்த பொறாமை முதல் நாள் வந்ததைப் போன்றதல்ல. குரல் பிறவியிலே வருவது, அதற்கு என்ன செய்ய முடியும் என்று மனதை ஆற்றிக்கொள்ளலாம். ஆனால் அவனுக்கு அழுவதற்கு ஆட்கள் இருந்தார்கள். ஒரு சொல்லைப் பாடியவுடனே அது எந்தத் தெரு, எந்த மணம், எந்த மாதத்துக் குளிர் என்று தெரிந்த ஒரு மண்டபம் நிறைந்த ஆட்கள். அந்த நாளில் இந்த நகரத்தில் தமிழர் எத்தனை பேர்? சுரங்க ரயிலில் ஒரு மண்ணிறமான முகத்தைக் கண்டால் பத்துத் தரிப்பிடம் பின்னால் போய், 'நீங்கள் தமிழோ?' என்று கேட்கிற காலம்.

இருந்தாலும் நான் முயன்று பார்த்தேன். அடுத்த தைப்பொங்கலுக்கு ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்து எங்களவர் கூடினார்கள். யாழ்ப்பாணத்தவர் சிலர், தமிழ்நாட்டிலிருந்து வந்த பேராசிரியர்கள், டொக்டர்கள் சிலர். பாட வரச்சொல்லிக் கேட்டபோது நான் கிற்றாரோடு ஏறி, நானே எழுதிய ஒரு பாட்டைப் பாடினேன். பனியில் பஸ்சுக்குக் காத்து நிற்பவனைப் பற்றிய பாட்டு. கை தட்டினார்கள். மரியாதையான கைதட்டல். முன்னாலிருந்த ஒரு பெரியவர் சொன்னார்:

"தம்பி, உது நல்லாத்தான் இருக்கு. இப்ப எங்களுக்குத் தெரிஞ்ச பாட்டு ஒண்டு பாடுமன்."

ஒரு பழைய சினிமாப் பாட்டைப் பாடினேன். எல்லோரும் சேர்ந்து பாடினார்கள், சந்தோஷப்பட்டார்கள். நான் கிற்றாரைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவன் இந்த நேரம் எங்கே பாடிக்கொண்டிருப்பான் என்று யோசித்தேன்.

அந்த வருடம் ஊருக்குப் போய்க் கலியாணம் செய்துகொண்டு மனைவியோடு திரும்பினேன். அவள் பாட்டில் பெரிய ஆர்வம் உள்ளவளல்ல. நான் வீட்டில் வாசித்தால், "கொஞ்சம் மெல்லமா வாசியுங்கோ, மேல்வீட்டுக்காரி தும்புக்கட்டையால நிலத்தில இடிக்கிறாள்" என்பாள். பாடினால் கேட்பாள். கேட்டுவிட்டு, "சோறு போடட்டோ?" என்பாள்.

ஒரு ஞாயிறு ஒத்திகை முடிந்து அவனைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வந்தேன். மனைவி பிட்டும் மீன் குழம்பும் வைத்தாள். உறைப்பில் அவன் முகம் சிவந்து, கண்ணில் நீர் வழிய, மறுபடியும் மறுபடியும் வாங்கிச் சாப்பிட்டான். பிறகு, "உங்கள் மனைவிக்கு நான் நன்றி" என்று சொல்லி, கதிரையில் இருந்தபடியே, கிற்றார்கூட இல்லாமல், மேசையில் விரல்களால் தட்டிக்கொண்டு ஒரு பாட்டுப் பாடினான். பாலத்துப் பாட்டல்ல. ஏதோ ஒரு சிறிய பாட்டு. நான் அதுவரை கேட்டிராதது.

மனைவி குசினி வாசலில் நின்று கேட்டாள். கையில் கழுவாத கோப்பை. பாட்டு முடிந்ததும் உள்ளே போய்விட்டாள். நான் பின்னால் போனேன். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"என்ன, அழுறீரோ?"

"இல்லை."

"பின்னை?"

"அம்மான்ர நினைவு வந்திட்டுது. சும்மா."

"அவன் என்ன பாடினான் எண்டு உமக்கு விளங்கினதோ?"

"ஒரு சொல்லும் விளங்கேல்ல."

"நான் பாடேக்க உமக்கு அப்பிடி வாறேல்லையே?" கேட்டிருக்கக் கூடாது. வாயிலிருந்து வந்துவிட்டது.

அவள் குழாயை மூடினாள். பொய் சொல்லத் தெரியாதவள். "நீங்கள் பாடேக்க, பிழை விடாமப் பாடி முடிக்கவேணும் எண்டு எனக்குப் பதகளிப்பா இருக்கும். அவர் பாடேக்க அந்தப் பயம் இல்லை" என்றாள்.

வெளியே அவன் காத்திருந்தான். அவனுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று அவனை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாதுபோல் இருந்தது. அவனோ தேநீர் ருசியாக இருக்கிறது என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

நகரத்தின் தென்பக்கம் வானத்தைத் தொடுகிற கோபுரத்தைக் கட்டி முடித்த காலத்தில், எங்கள் குழுவும் கொஞ்சம் பெயர் எடுத்திருந்தது. ரஷ்யக் கலியாணங்கள், பிறந்தநாள்கள், ஹமில்டனிலும் மொன்றியலிலும் ஒன்றிரண்டு நிகழ்ச்சிகள். அப்படி ஒரு கலியாணத்துக்கு வந்திருந்த ஒருவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். சின்னதாக இசைத்தட்டுக் கொம்பனி நடத்துபவர். கனேடியர். "நல்ல சத்தம் வைத்திருக்கிறீர்கள்" என்றார். "ஆனால் ரஷ்ய மொழியில் எத்தனை பேருக்கு விற்க முடியும்? ஆங்கிலத்தில் பாடுங்கள், ஒரு தட்டுப் போட்டுப் பார்க்கலாம்."

பாலத்துப் பாட்டை ஆங்கிலத்துக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. அவன் அதைப் பாடிப் பார்த்தான். ஒவ்வொரு சொல்லும் அவன் வாயில் வேறு ஏதோவாக மாறியது. அவனுடைய நாக்கு அந்த மொழிக்குப் படியவில்லை. கொம்பனிக்காரர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் பக்கம் விரலை நீட்டினார்.

"இவர் நன்றாக ஆங்கிலம் பேசுகிறாரே. இவர் பாடட்டும்."

அவன் சண்டை போடுவான், கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போவான் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், விரும்பினேன். அவன் என் முதுகில் தட்டினான்.

"சரி. கிழவன் பாடட்டும். நான் பின்னால் பாடுகிறேன்."

அடுத்த வாரங்களில் மாலை வேலை முடிந்து வந்து எனக்கு மூச்சு விடப் பழக்கினான். எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லில் குரலைக் கொஞ்சம் அழுக்காக விட வேண்டும் என்று சொல்லித் தந்தான். "நீ மிகச் சுத்தம். நீ துவைத்த துணி மாதிரி பாடுகிறாய்" என்றான். அவன் ஒன்றையும் ஒளித்து வைக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. என்மீது அவனுக்குக் கொஞ்சமாவது பொறாமை இருந்திருந்தால், நாங்கள் சரிக்குச் சரியாக இருந்திருப்போம்.

ஒலிப்பதிவுக்குப் போனோம். நான் முன் மைக்கில், அவன் பின்னால் இன்னொரு மைக்கில் துணைக்குரல். பாடி முடித்துவிட்டுக் கண்ணாடிக்கு அப்பால் போய்க் கேட்டோம். ஒலிப்பதிவுக்காரர் நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். பொத்தான்களை மெல்ல நகர்த்திக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறை போடும்போதும் என் குரல் கொஞ்சம் கீழே போனது, அவன் குரல் கொஞ்சம் மேலே வந்தது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. காது எங்கே போகிறதோ அங்கே கையும் போயிற்று. கடைசியில் கொம்பனிக்காரர், "இரண்டாவது குரல் அழகாக இருக்கிறது, ஆனால் சொற்கள் கேட்க வேண்டுமே" என்றார். ஒலிப்பதிவுக்காரர் வெட்கப்பட்டு என் குரலை உயர்த்தினார். பாட்டு உடனே சாதாரணமாகிவிட்டது. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்தது. எல்லோரும் எதையோ பார்த்துக்கொண்டு நின்றோம்.

தட்டு வெளிவந்தது. அதை அறிமுகப்படுத்த யங் வீதியில் ஒரு மதுச்சாலையில் பின்னேர நிகழ்ச்சி வைத்தார்கள். ஆங்கிலம் பேசுகிற கூட்டம். எங்கள் குழுவில் முதல் தடவையாக நான் நடுவில் நின்றேன். வெளிச்சம் முகத்தில் விழுந்தது. நன்றாகவே பாடினேன், ஒரு சொல் பிழைக்கவில்லை. ஆட்கள் கேட்டார்கள், கைதட்டினார்கள், தங்கள் கதைகளைத் தொடர்ந்தார்கள். அரைவாசி நிகழ்ச்சியில், முன்மேசையில் இருந்த ஒரு பெண் சத்தமாக, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் கேட்டாள்:

"பின்னால் நிற்பவர் ஒன்று பாடுவாரா?"

அவன் தலையை ஆட்டி மறுத்தான். நான் மைக்கை விட்டு விலகினேன். எல்லோரும் பார்க்கிறார்கள், வேறு என்ன செய்வது? அவன் வந்து நின்று பாலத்துப் பாட்டை ரஷ்ய மொழியில் பாடினான். அந்த மதுச்சாலையில் ஒருவருக்கும் ஒரு சொல் தெரியாது. கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தவன் கழுவுவதை நிறுத்தினான். நான் என் பழைய இடத்தில் நின்று அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் விரல்கள் ஒழுங்காக வேலை செய்தன. மற்ற எல்லாம் எரிந்துகொண்டிருந்தது.

தட்டு விற்கவில்லை. கொம்பனிக்காரர் பிறகு தொலைபேசியில் அகப்படவே இல்லை.

ஒரு வருடம் கழித்து நியூயோர்க்கிலிருந்து அவனுக்கு அழைப்பு வந்தது. புரூக்ளினில் கடற்கரைப் பக்கம் ரஷ்யர்கள் ஆயிரக்கணக்கில் குடியேறிக்கொண்டிருந்தார்கள். பெரிய உணவகம், கிழமை முழுவதும் பாட்டு. குழுவோடு வரச் சொன்னார்கள். ட்ரம்ஸ்காரன் உடனே ஓம் என்றான். ஓர்கன் பெண்ணும் போகத் தயாரானாள். அவன் என் வீட்டுக்கு வந்து கேட்டான்.

"கிழவா, வா. அங்கே கடல் உண்டு. உன் கொழும்பு மாதிரி."

மனைவி அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. கடையில் என்னை மேற்பார்வையாளனாக்கியிருந்தார்கள். இரண்டையும் சொன்னேன். அவன் மனைவியின் வயிற்றைப் பார்த்தான், தலையாட்டினான், ஒன்றும் வற்புறுத்தவில்லை. அவன் போனபின் மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்:

"நீங்கள் போகாததுக்கு நான் காரணமில்லை. உதை மட்டும் என்ர தலையில போடாதேங்கோ."

"அப்ப வேற என்ன காரணம்?"

"அது உங்களுக்குத் தெரியும்."

எனக்குத் தெரிந்திருந்தது. சாகும்வரை அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு முடியாது.

பஸ் நிலையத்தில் வழியனுப்பினேன். அவன் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். ரஷ்யர்களின் வழக்கம். பஸ் திரும்பி மறைந்ததும் எனக்கு வந்தது துக்கமல்ல, நிம்மதி. இனி இந்த நகரத்தில் அவனைவிடச் சிறிய ஆளாக நான் இருக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். அந்த நிம்மதி ஒரு கோடைகாலம் வரை நின்றது. பழைய கொழும்புச் சினேகிதர் இருவரைப் பிடித்து, ஒரு குழு தொடங்கினேன். நானே முன்னால். இரண்டு கலியாணங்களில் வாசித்தோம். மூன்றாவதுக்கு யாரும் கூப்பிடவில்லை. கம்பளக் கடையின் பின்னறையைக் கடைக்காரர் களஞ்சியமாக மாற்றிவிட்டார்.

பாதர்ஸ்ட் வீதியில், ஊறுகாய் வெள்ளரியும் புகைபோட்ட மீனும் விற்கும் ரஷ்யக் கடை ஒன்றில் அவனுடைய புது இசைத்தட்டைக் கண்டேன். அட்டையில் படம். கொஞ்சம் சதை போட்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில், ஓர் அடி பின்னால், தோள்வரை முடி வளர்த்த ஓர் இளைஞன் பேஸ் கிற்றாரோடு நின்றான். அதுவரை அவன் மீதிருந்த பொறாமை முழுவதும் இடம் மாறி அந்த முடிக்காரன்மேல் போய் உட்கார்ந்தது. வீட்டில் போட்டுக் கேட்டேன். பாலத்துப் பாட்டில் என் தாளத்தை அப்படியே வாசித்திருந்தான். நன்றாகத்தான் வாசித்திருந்தான். அதனால் இன்னொரு தரம் போடவில்லை.

எழுபதுகள் முடிகிற சமயம் அவர்கள் ரொறொன்ரோவுக்கு வந்தார்கள். இந்தமுறை ஒரு பெரிய நாடக மண்டபம். மகளை எங்களுக்குத் தெரிந்த அன்ரி ஒருவரிடம் விட்டுவிட்டு, மனைவியும் நானும் போனோம். மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது. வெளிச்சம் வந்தது, அவன் நடந்து வந்து மைக்கைப் பிடித்தான். எனக்கு ஒரு விஷயம் அப்போதுதான் உறைத்தது: அவன் பாடும்போது நான் அவன் முகத்தைப் பார்த்ததே இல்லை. என் வீட்டு மேசையில் பாடியபோதுகூட நான் மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடைகளில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் முதுகும், சட்டையில் பரவும் வியர்வையும்தான்.

முகம் பயத்தால் வெளுத்திருந்தது. குரல் அவ்வளவு நிச்சயமாக வெளியே வர, அந்த முகம் தண்ணீரில் இறங்கத் தெரியாதவன் முகமாக இருந்தது. ஒவ்வொரு அடியும் தொடங்குமுன் தலையைக் கொஞ்சம் திருப்பி, பேஸ்காரனைத் தேடினான். அந்த இளைஞனின் விரல் தந்தியில் விழுந்ததும் இவன் கண்ணை மூடிக்கொண்டு பாடினான். என்னோடு வாசித்த காலத்திலும் அப்படித்தான் திரும்புவான். நான் பிழை விடுகிறேனா என்று கண்காணிக்கிறான் என்றே இவ்வளவு காலமும் நம்பியிருந்தேன். ஒவ்வொரு முறையும் மனதுக்குள் அவனைத் திட்டியிருக்கிறேன்.

பாலத்துப் பாட்டு வந்தது. மண்டபம் எழுந்து நின்று பாடியது. நான் எழும்பவில்லை. அந்த முடிக்காரனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனோ பாடகன் தன்னைத் தேடும் பார்வையின் பெறுமதி தெரியாமல், வேறெங்கோ பராக்குப் பார்த்துக்கொண்டு வாசித்தான்.

நிகழ்ச்சி முடிந்து மேடைக்குப் பின்னால் போனோம். துவாயால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவன் என்னைக் கண்டதும் ஓடி வந்தான். ஆங்கிலம் இப்போது திருந்தியிருந்தது.

"கிழவா! எங்கள் பாட்டு லெனின்கிராட்டுக்குப் போய்விட்டது. யாரோ கசெட்டில் கொண்டுபோய், அதைப் படியெடுத்து, படியைப் படியெடுத்து, இப்போது குசினிகளில் போட்டுக் கேட்கிறார்கள். அம்மா பக்கத்து வீட்டுச் சுவர் வழியாகக் கேட்டாளாம். என் குரல் என்று தெரிந்து சுவரில் காதை வைத்தாளாம்."

அவனுக்குத் திரும்பிப் போக வழியில்லாத ஊர். அவன் குரல் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்கு விமானச் சீட்டு வாங்கினால் போய் இறங்கக்கூடிய ஊர். அங்கே என் பாட்டைச் சுவரில் காது வைத்துக் கேட்க ஒருவருமில்லை. சந்தோஷம் என்று சொன்னேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"நிகழ்ச்சி எப்படி இருந்தது? உண்மையைச் சொல்" என்றான்.

"நல்லாயிருந்தது. பேஸ் மட்டும் கொஞ்சம் சத்தம் கூட."

அவன் அதை மிகவும் கவனமாகக் கேட்டான். திரும்பி அந்த முடிக்கார இளைஞனைக் கூப்பிட்டு, ரஷ்ய மொழியில் ஏதோ சொன்னான். இளைஞன் என்னைப் பார்த்துப் பணிவாகத் தலையாட்டினான்.

காருக்கு நடந்து போகும்போது மனைவி என் கைக்குள் கையை விட்டுக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள்.

"என்ன சிரிக்கிறீர்?"

"பேஸ் சத்தம் கூடவோ?"

"கூடத்தான்."

"எனக்குக் கேட்கவே இல்லை" என்றாள். "பாவம் அந்தப் பெடியன். இனி நாளைக்கு மெல்லமா வாசிக்கப்போறான்."

கண்ணாடியில் படிந்திருந்த பனியைச் சுரண்டினேன். அவள் உள்ளே ஏறி இருந்து, தன்னையறியாமல் அந்தப் பாட்டை முணுமுணுக்கத் தொடங்கினாள். சொற்கள் தெரியாமல், வெறும் ராகத்தை. நான் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் தட்டினேன். மகளைக் கூட்டிவரப் போனோம்.